ஊர்ப்பெயரும் உலகத்தார் நாவும்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் மக்கட்கு எளிது. அப்பெயரை எல்லாரும் ஒருபடித்தாக ஒலிக்கவும் ஒருபடித்தாக எழுதவும் செய்தல் அரிது. இவ்வுண்மையை இலக்கண வகுப்பிற் பலமுறை கேட்டிருந்தும், யாம் அதனை மெய்யாக உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில் தோணிரேவு என்னுஞ் சிற்றூரிலேயாம். அங்ஙனம் உணர்ந்தவற்றை எம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோணிரேவு, திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் ஊர்களுள் ஒன்று. ஏரி என்பது வழக்கேயன்றி, அது கடலொடு முகத்துவாரத்தாற் கலக்கும் உவர்நீர்க் காயலாகும். இந்திய நாட்டு உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாக் கரையிலுள்ள சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது இதுவே. தென்பால் ஆரணியாறும் வடபால் காளங்கி, சுவர்ணமுகி என்னும் ஆறுகளும் தத்தம் நீரை இதன்கட் சேர்க்கின்றன. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் கிடத்தலின், ஒரே அலை இருமொழிக் கரைகளையும் தழுவிச் செல்கின்றது.

எம் வகுப்பு நண்பர் ஒருவர் அவ்வேரிக்கரையிற் பிறந்தவர். அவர் அழைப்பின்படி யாம் நால்வர் அங்குச் சென்று, மீன்பிடித் தொழிலைக் காட்டும் சிறிய இயங்குபடம் ஒன்றைக் கணினியில் ஆக்க முயன்றோம். 'அனிமேஷன்' என இக்காலத்தார் வழங்குவது இதனையே. ஒருவர் தோணியை வரைந்தார். ஒருவர் கரையையும் குடிசைகளையும் வரைந்தார். மற்றொருவர் நீரையும் வானையும் வரைந்தார். மூவரும் தத்தம் கோப்புறைக்கு ஊரின் பெயரையே உரோமன் எழுத்தில் இட்டனர். ஈண்டே இடுக்கண் தோன்றிற்று. ஆங்கில நெடுங்கணக்கின் 20ஆம் எழுத்தோடு 'எச்' சேர்த்துத் தொடங்கினார் ஒருவர். 4ஆம் எழுத்தோடு 'எச்' சேர்த்துத் தொடங்கினார் மற்றொருவர். 'எச்' எதற்கு என்று 4ஆம் எழுத்தைத் தனியே நிறுத்தினார் மூன்றாமவர். மூன்றையும் ஒருங்கு சேர்த்தபொழுது கணினி அவற்றை மூன்று வேறு ஊர்களாகக் கொண்டது. படங்கள் தம் இடத்திற் காணப்படாமையால், யாம் பயன்படுத்திய பிளெண்டர் என்னும் மென்பொருள் தன் வழக்கப்படி அவ்விடங்களைப் பளிச்சிடும் இளஞ்சிவப்பால் நிரப்பிற்று. பழவேற்காட்டு ஏரி முழுதும் உரோசாப்பூ நிறங்கொண்டு நின்ற காட்சியை யாம் எளிதில் மறவோம்.

மூவருள் யார் எழுதியது சரி? இவ்வினாவே எம்மை ஆராயத் தூண்டிற்று.

இவ்வினாவைத் தமிழில் எழுதும்பொழுதே ஒரு குறைபாடு வெளிப்படுதலை அன்பர்கள் நோக்கியிருக்கலாம். ஆங்கிலத்தின் 4ஆம் எழுத்து, 20ஆம் எழுத்து ஆகிய இரண்டின் பெயரையும் தமிழில் 'டி' என்றே எழுதவேண்டியுள்ளது. அதனாலன்றோ யாம் எண்களைத் துணைக்கொண்டோம்! ஆயினும் இது குறையன்று, தமிழின் இயல்பேயாம். தமிழ் வல்லினத்திற்கு எழுத்து ஒன்றாயினும், நிற்கும் இடத்திற்கேற்ப ஒலி மாறும். தலை என்னுஞ் சொல்லின் முதற்றகரம் வன்மையாக ஒலிக்கும்; பந்து என்பதில் மெல்லெழுத்தைச் சார்ந்த தகரம் எடுத்தொலிக்கும்; பாதை என்பதில் உயிர்களினிடையே நிற்குந் தகரம் நெகிழ்ந்தொலிக்கும். இடமே ஒலியைக் காட்டுதலின் தமிழர்க்கு வேறெழுத்து வேண்டப்படவில்லை. தெலுங்கிலோ இவ்வொலிகள் பொருளை வேறுபடுத்தும். ஆதலின் அங்குத் தனித்தனி எழுத்துக்கள் உள்ளன.

இனித் தோணிரேவு என்னும் பெயரைப் பிரித்துக் காண்பாம். தோணி தமிழர் அறிந்த பழஞ்சொல். அச்சொல்லின் உறவினையே தெலுங்கர் 'தோனெ' என்பர். ஆயின் அவர் நாவில் முதற்றகரம் பந்து என்பதன் தகரம்போல ஒலிக்கும். ரேவு என்பது தெலுங்கில் ஓடம் வந்து சேருந் துறையைக் குறிக்கும். எனவே தோணித்துறை என்பதே இப்பெயரின் பொருள். ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. தனித்து வரின் இகரம் முன்னிட்டு 'இரேவு' என்றாதல் வேண்டும். தோணி என்பதன் ஈற்றிகரம் முன்னே நிற்றலின் அத்தொல்லையும் இங்கில்லையாயிற்று. இரு மொழிக்கும் பொதுவான நீரில், இரு மொழிச் சொற்களும் ஒரே பெயராய்ப் பிணைந்து கிடக்கின்றன. தமிழர் நாவுக்கு 20ஆம் எழுத்தும், தெலுங்கர் நாவுக்கு 4ஆம் எழுத்தும் பொருந்துவனவே. எம் நண்பர் மூவரும் தத்தம் செவிக்கு உண்மையாகவே எழுதினர் என்பது இதனாற் புலனாகும்.

இத்தோணி வேறு கடல்களிலும் ஓடியுள்ளது. மாலத்தீவினர் தம் நாட்டுப் படகை முதலெழுத்தை எடுத்தொலித்தே 'தோணி' என்கின்றனர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழங்கிய சொற்களை யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியில் இச்சொல் 4ஆம் எழுத்தின்கீழ் இரு வேறு எழுத்துக்கூட்டலோடு காணப்படுகின்றது. ஒன்றில் 'எச்' உண்டு, மற்றொன்றில் இல்லை. எம் கோப்புறைகளில் நிகழ்ந்த பூசல் நூற்றாண்டு கடந்த பழமையுடையது என்று அறிந்து ஒருவாறு ஆறுதலடைந்தோம். நகரத்து நண்பர் ஒருவரோ எம் படத்தின் தலைப்பை உரோமன் எழுத்திற் கண்டு, கிரிக்கெட் வீரர் தோனியின் பெயரால் அமைந்த ஊரோ இது என வினவினார். உரோமன் எழுத்தில் ணகரமும் னகரமும் ஒன்றாதலின் அவரையுங் குறைகூறற்கில்லை.

தோணிரேவுக்கு அண்மையிலுள்ள பழவேற்காட்டின் பெயர் இன்னும் நெடிய பயணஞ் செய்தது. பழைய வேலமரக் காடு என்பது அதன் பொருள் என்பர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் அங்கு வாணிகஞ் செய்தனர். அவர் நாவில் ழகரம் வாராது. ஆதலின் 'பலெயகாத்தே' என்றாற்போல எழுதினர். அவர்க்குப்பின் வந்த ஒல்லாந்தர் 1613இல் கோட்டை கட்டி, தம் நாட்டுக் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரை அதற்கிட்டு, ஊரைப் 'பலியகட்டா' என்றனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர் வழங்கிய 'புலிகாட்' என்னும் வடிவமே இன்றும் உலகப் படங்களில் உள்ளது.

இவ்வாங்கில வடிவத்தில் ஒரு வேடிக்கையுண்டு. பஞ்சாப் என்பதை ஆங்கிலேயர் எழுதுங்கால் முதலில் நிற்கும் குற்றகரத்திற்கு 'யு' என்னும் உயிரெழுத்தை இடுவர். அவ்வெழுத்து அவர் மொழியில் அகரம்போன்ற ஒலியையும் தரும். பழவேற்காட்டின் பகரத்தையும் அங்ஙனமே எழுதினர் எனக் கருதலாம். ஆனால் பின்வந்தோர் எழுத்தைக் கண்டு ஒலியைக் கற்றமையால், 'பு' என்றே படித்தனர். தமிழிலும் தெலுங்கிலும் புலி என்பது காட்டு விலங்கைக் குறித்தலின், வேலங்காட்டிற் புலி ஒன்று புகுந்துவிட்டது! எழுத்து ஒலிக்கு ஏவலாளாய் வந்து, பின் ஒலிக்கே தலைவனாதல் இவ்வாறேயாம்.

அப்பெயர் அவ்வளவில் நிற்கவுமில்லை. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய வண்ணக் கைக்குட்டைத் துணிகள் ஐரோப்பாவில் ஊரின் பெயராலேயே வழங்கின. பின்னர் ஸ்காட்லாந்து நெசவாளர் அத்துணியைப் போன்று தாமே நெய்து, 'புல்லிகேட்' என்றே விற்றனர். அதனை வாங்கிய மக்களுட் பலர், அச்சொல் ஓர் ஊரின் பெயரென்பதையே அறியார்.

பிறர் நம் பெயர்களைச் சிதைத்தனர் என்று நொந்துகொள்ளுமுன் நாம் செய்ததையும் எண்ணுதல் வேண்டும். 'ஹாலண்ட்' என்னும் நாட்டார் நம்மிடம் வந்து ஒல்லாந்தராயினர். 'ஃபிராங்க்' என்னும் இனப்பெயர் அரபியர், பாரசீகர் நாவிற் புகுந்து 'ஃபரங்கி' என்றாகி, நம்மிடம் பறங்கி ஆயிற்று. கெல்டர்லாந்து என்று யாம் மேலே எழுதியதும் பிழைபட்டதே. ஒல்லாந்த மொழியில் அதன் முதலெழுத்து ககரமாக வெடித்தொலியாது, மிடற்றில் உராய்ந்தொலிக்கும். அகம் என்னுஞ் சொல்லின் இடைநிற்கும் ககரத்தை நினைப்போர்க்கு அவ்வொலி ஓரளவு விளங்கும். 1630-களிற் பழவேற்காட்டிற் குருவாயிருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் என்பார், இந்நாட்டார் சமயத்தைப்பற்றி எழுதிய நூல் 1651இல் லைடன் நகரில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் நீதி மொழிகள் அந்நூலில் ஒல்லாந்த மொழியில் இடம்பெற்றன. அந்தணர் ஒருவர் வாயாற் சொல்லக் கேட்டு எழுதியமையால், அப்புலவர் பெயர் 'பார்த்ரௌஹெர்ரி' என்றாற்போல உருமாறிற்று. பெயர் திரிந்ததேயன்றி அறிவுரை திரியாமற் கடல் கடந்தது. பெயரைப் பிழைபடக் கூறுவோர் எல்லாரும் பொருளையும் பிழைபட உணர்ந்தவரல்லர் என்பதற்கு இது நல்ல சான்று.

ஒல்லாந்தர் மீண்டும் எம் கதையிற் புகுகின்றனர். யாம் தோணிரேவை வரைந்த பிளெண்டர் என்னும் மென்பொருள் அந்நாட்டிலேயே தோன்றியது. அதனை ஆக்கியவர் டோன் ரோசன்டால் என்பார். 2002இல் உலகெங்கும் உள்ள பயனாளர் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து, அதனை எல்லார்க்கும் பொதுவாக்கினர். அவர் குடும்பப் பெயரில் 'ஓ' என்னும் எழுத்து இரண்டு அடுத்து வரும். ஆங்கிலம் அறிந்தோர் அதனை ஊகாரமாக்கி 'ரூசன்டால்' என்பர். ஒல்லாந்த மொழியிலோ அவ்விரட்டை எழுத்து ஓகார நெடிலைக் குறிக்கும். பழவேற்காடு அவர் முன்னோர் நாவிற் பட்டபாட்டை, அவர் பெயர் பிறர் நாவில் படுகின்றது.

இத்தகைய மென்பொருள்களைப் பல நாட்டாரும் ஒருங்கு பயன்படுத்துதலின், ஒலிவேறுபாட்டைக் காண்டற்கு அவை நல்ல களமாகும். கணினியில் முப்பரிமாண உருவை நகர்த்துதற்கு மூன்று அச்சுக்கள் உள. அவற்றுள் மூன்றாவது, ஆங்கிலத்தின் கடைசி எழுத்தாற் பெயர்பெற்றது. அவ்வெழுத்தை ஆங்கிலேயரும் நாமும் 'இசட்' என்போம். அமெரிக்கர் 'ஸீ' என்பர். அமெரிக்க ஆசிரியர் ஒருவர் ஒளிப்படப் பாடத்தில் 'ஸீ' என்று கூறக் கேட்ட எம் நண்பர், மூன்றாம் எழுத்தாகிய 'சி'யைப் பலமுறை தட்டினார். தோணி அலைமேல் எழும்பவேயில்லை. கணினி பழுதுற்றதெனக் கருதி அரைமணி நேரம் வருந்தியபின்னரே உண்மை தெரிந்தது.

எழுத்துக்கூட்டலும் அவ்வாறே. நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நம் பள்ளிகளில் ஆறெழுத்தாற் கற்பிப்பர். அமெரிக்க அறிஞர் நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி முதலியவற்றால் அந்நாட்டில் ஐந்தெழுத்து வடிவமே நிலைத்தது. பிளெண்டரிற் பைதான் என்னும் நிரல்மொழியாற் கட்டளையிடுவோர் ஐந்தெழுத்தாலேயே எழுதுதல் வேண்டும். ஆறாவதைச் சேர்த்தாற் கட்டளை நிறைவேறாது. ஆசிரியர் கையில் முழுமதிப்பெண் பெறும் எழுத்து கணினியிடம் பிழையாய் முடிகின்றது.

வேறொரு மென்பொருளின் பெயர் 'மாயா'. 1998இல் வெளிவந்த அது, பொய்த்தோற்றத்தைக் குறிக்கும் வடசொல்லையே பெயராகக் கொண்டது. அவ்வாகார ஈற்றை ஐகாரமாக்கி மாயை என்பது தமிழ் மரபு. சீதா சீதையானதும், மாலா மாலையானதும் இம்மரபே. எனினும் மென்பொருளை எவரும் மாயை என்று அழைத்திலர். சமயநூலிற் பயிலுங்கால் ஐகாரமும், கணினியிற் பயிலுங்கால் ஆகாரமும் பெற்று ஒரே சொல் இரு சொல்லாய் வாழ்கின்றது.

இனி, சிறு அசைவுப் படங்களைத் தாங்கும் ஒருவகைக் கோப்பு 1987இல் தோன்றியது. அதன் மூன்றெழுத்துப் பெயரைச் சிலர் 'கிஃப்' என்பர். சிலர் 'ஜிஃப்' என்பர். அதனை ஆக்கிய ஸ்டீவ் வில்ஹைட் என்பார் 2013இல் ஒரு விருது பெற்றபொழுது 'ஜிஃப்' என்பதே சரியென்று அறிவித்தார். ஆயினும் உலகம் அவர் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. ஆக்ஸ்போர்டு அகராதியும் இரண்டினையுங் குறிக்கின்றது. பெற்றவர் இட்ட பெயரையும் வழங்குவோர் நாவே முடிவு செய்கின்றது.

இதுகாறும் கூறியவை நகைத்தற்குரியன. இனிக் கூறுவது அத்தகையதன்று. தோணிரேவில் நடுவயதுள்ள மீனவர் ஒருவர், எமக்குத் தேநீர் அளித்தபின், தம் வீட்டுக் காகிதக் கட்டொன்றை அவிழ்த்துக் காட்டினார். அவர் பெயரில் ழகரம் ஒன்று உண்டு. ஓரட்டையில் அதற்கு 'எல்' இட்டிருந்தனர். மற்றோரட்டையில் 'இசட்'டும் 'எச்'சும் இட்டிருந்தனர். வங்கிப் புத்தகத்தில் 'எல்' இரட்டித்திருந்தது. உதவித்தொகை ஒன்றிற்கு அவர் விண்ணப்பித்தபொழுது, மூவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கொணருமாறு கூறித் திருப்பியனுப்பினராம். மும்முறை நடந்தும் காரியம் முடியவில்லை. நடந்த நாளெல்லாம் வலை கரையிலேயே கிடந்தது. "தம்பி, நான் பேர எழுதல, எழுதுனவங்க மூணு பேரு. ஆனா அலையறது நான் ஒருத்தன்தான்" என்றார். கணினி ஏரியை இளஞ்சிவப்பாக்கியபொழுது சிரித்த யாம் அப்பொழுது வாய்திறந்திலேம். எம் கோப்புறைகளுக்கு நேர்ந்ததே அவர்க்கும் நேர்ந்தது. எம் பிழையை ஒரு நொடியில் திருத்திக்கொண்டோம். அவரால் அஃது இயலவில்லை.

ஓரெழுத்தால் மக்கள் துன்புறுதல் பழைய செய்தியே. வேதாகமத்தில் நியாயாதிபதிகளின் புத்தகம் 12ஆம் அதிகாரத்தில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உளது. யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், தப்பியோடி வந்த எப்பிராயீமியரை அறிதற்பொருட்டு ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். அச்சொல்லின் முதலெழுத்தாகிய 'ஷி' வாராது 'சி' என்றவர்கள் துறையிலேயே மாண்டனர். அப்போரில் விழுந்தோர் 42,000 பேர் என்று அவ்வதிகாரம் கூறும். அதுவும் ஒரு ரேவிலேயே நிகழ்ந்தது என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது. ஓடம் ஏறுதற்கும் இறங்குதற்கும் எல்லார்க்கும் பொதுவாகிய துறையில், நாவைச் சோதித்து வழிமறித்தல் எத்துணைக் கொடுமை!

யாமும் ஒருகால் அத்தகைய துறையில் நின்று வழிமறித்தோம் என்பதை ஈண்டு மறைத்தல் கூடாது. ஏரிக்கரை நண்பர் எம் வகுப்பிற் சேர்ந்த புதிதில் 'ஸ்கூல்' என்னாது 'இஸ்கூல்' என்பார். அதனைக் கேட்டு யாம் நகைத்தோம். சிலநாள் அதுவே அவர்க்குப் பட்டப்பெயராகவும் வழங்கிற்று. அவர் சில வாரம் வகுப்பில் வாய்திறவாதிருந்தார். பின்னர் நன்னூல் கற்றபொழுது, மொழிமுதலாகாத ரகர லகரங்கட்கு முன் இகரம் வந்து ராமன் இராமனாவதும் லாபம் இலாபமாவதும் முறையென்று எழுதிக்கொண்டோம். உயிரில்லா மெய் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பதும் படித்தோம். அவ்விலக்கணத்தின் வழியதே அவர் கூறிய 'இஸ்கூல்' என்பது அன்று எமக்குத் தோன்றவில்லை. இலத்தீன் மொழியின் 'ஸ்கோலா' ஸ்பானிய மொழியில் 'எஸ்குவேலா' ஆயிற்று. அந்நாட்டாரும் அவ்வொலிக்கூட்டத்தின்முன் ஓர் உயிரை இட்டே பள்ளிக்குச் செல்கின்றனர். ஒரு நாடு முழுதும் ஒலிப்பது மொழியாகவும், ஏரிக்கரைச் சிறுவன் ஒலிப்பது பிழையாகவும் எமக்குத் தோன்றியது எம் அறியாமையேயன்றிப் பிறிதில்லை.

தோணிரேவில் முதல்நாள் மாலை யாம் ஊரின் பெயரை ணகரங் கெட்டுத் 'தோனிரேவு' என்றே கூறிவந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எம் நாவில் ணகரம் தடுமாறிற்று! அந்நண்பர் நகைத்திலர். தோணியைத் தள்ளிக்கொண்டே, "ணகரத்திற்கு நா மேலே வளையவேணும்" என்று மட்டும் மெல்லக் கூறிக் கோலை ஊன்றினார். அன்று யாம் அடைந்த நாணம் சிறிதன்று.

அங்ஙனமாயின், ஒலியைத் திருத்தவே கூடாதோ, எழுத்தை ஒழுங்குபடுத்தவே வேண்டாவோ எனின், அஃது எம் கருத்தன்று. ஒலி வேறு, பதிவு வேறு எனப் பகுத்துணர்தல் வேண்டும். ஒலி, அவரவர் தாய்மொழியின் இலக்கணத்தாற் பிறப்பது. அது பலவாயிருத்தல் இயற்கை. யோவான் என்னும் பெயரை ஆங்கிலேயர் ஜான் என்பர், ஜெர்மானியர் யோஹான் என்பர், ஸ்பானியர் ஹுவான் என்பர், உருசியர் இவான் என்பர். இவற்றுள் எதனையும் பிழையென்பாரில்லை. பதிவோ அத்தகையதன்று. கோப்பின் பெயர், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இவற்றைக் காணுங் கணினிக்குச் செவியில்லை, கண்ணே உண்டு. அதற்கு ஓரெழுத்து வேறாயின் ஆளும் வேறு. ஆதலின் பதிவில் ஒருமை இன்றியமையாதது.

அவ்வொருமையையும் கருதிச் செய்தல் வேண்டும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிக்கு ஏற்ப மாற்றுதற்கு அரசு இட்ட ஆணை 2020 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. அதன்படி 1,018 ஊர்ப்பெயர்கள் புதுவடிவம் பெறவிருந்தன. கோயம்புத்தூரின் தகர இரட்டிப்பைக் காட்டுதற்கு எழுத்துக்கள் அடுக்கி நின்றன; வேலூரின் ஏகாரத்தைக் காட்டுதற்கு ஆங்கிலத்தின் 'ஈ' இரண்டு அடுத்து நின்றது. அவ்விரட்டையை ஆங்கிலம் அறிந்தோர் ஈகாரமாகப் படிப்பராதலின், வேலூர் 'வீலூர்' ஆகிவிடுமே என்று பலர் வினவினர். எதிர்ப்பு எழவே அவ்வாணை சின்னாட்களில் திரும்பப் பெறப்பட்டது. தாய்மொழி ஒலியைக் காத்தல் வேண்டும் என்னும் நோக்கம் நன்றே. ஆனால் ஒரு மொழியின் ஒலியை மற்றொரு மொழியின் எழுத்தில் அடைக்குங்கால், படிப்போன் எம்மொழியான் என்பதை எண்ணாது செய்தால் கருதிய பயன் விளையாது. 'இசட்'டும் 'எச்'சும் சேர்ந்து ழகரமாதல் தமிழர்க்குள் வழக்காய் நிலைத்தது. அவ்வழக்கறியாத அயல்நாட்டார் அதனை ஜகரம்போல் ஒலிப்பர்.

ஆகவே செய்யத்தக்கன யாவையெனின், எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றைக் கூறுவாம். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் முதலில் உரியவர் வாயாற் கேட்டறிந்து, அதனைத் தமிழெழுத்தாற் பிழையற எழுதுதல் வேண்டும், அதுவே மூலமாகும். பின்னர் உரோமன் எழுத்தில் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, எல்லாப் பதிவுகளிலும் அதனையே விடாது எழுதுதல் வேண்டும். எழுத்தறிந்த நாம், எழுதப் பழகாத பெற்றோர்க்குப் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளிலேயே இவ்வுதவி செய்யலாம். அஃது ஒரு மணி நேர உழைப்பு, ஆயின் பல்லாண்டு அலைச்சலைத் தவிர்ப்பது. அலுவலகங்களில் அமரவிருக்கும் எம் கல்லூரி நண்பர்கள், 'எல்'லுக்கும் 'இசட்-எச்'சுக்கும் உள்ள உறவை அறிந்தவராதலின், ழகரத்திற்காக ஒருவனை மும்முறை நடக்கவிடார் என்று நம்புகின்றோம்.

எம் அளவில், யாம் திரும்புமுன் அம்மீனவரின் மூன்று பதிவுகளையும் ஒருங்கு வைத்து, மூன்றும் ஒரே தமிழ்ப் பெயரின் வடிவங்கள் என்பதை விளக்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் விண்ணப்பம் ஒன்று எழுதிக் கொடுத்தோம். அதன் முடிவு இக்கட்டுரை அச்சேறும் நாள்வரை எமக்குத் தெரியவில்லை. இயங்குபடமோ முடிந்தது. அதன் கோப்புறைகள் யாவும் இப்பொழுது 20ஆம் எழுத்தோடு 'எச்' சேர்ந்து ஒரே பெயரோடு விளங்குகின்றன. ஏரியும் தன் பழைய நிறத்தைப் பெற்றது. படத்தின் முகப்பில் தோணிரேவு என்று தமிழில் எழுதியுள்ளோம். அதனை முதலில் உரக்கப் படித்துக் காட்டியவர் எம் ஏரிக்கரை நண்பரே. அவர் குரலைப் பதிவுசெய்து படத்தின் தொடக்கத்திற் சேர்த்திருக்கின்றோம். ணகரம் அதில் உள்ளவாறே ஒலிக்கின்றது.